கதவைச் சாத்தத் தெரிந்த நத்தை

“யாரோ என் எட்டு வருஷத்தக் கொலை பண்ணிட்டாங்க, மேடம்.”

இப்படிச் சொல்லிக்கொண்டே அந்தப் பெண் எங்கள் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம். வருகிறவர்களை முன்கூட்டியே எச்சரிப்பது என் பொறுப்பு. பசி நேரம், மறந்துவிட்டேன்.

“தம்பி, அவங்களுக்குத் தண்ணி குடு. நாற்காலிய மாத்து. அப்புறம் வாய மூடிக்கிட்டு இரு” என்றார் அண்ணி.

“மூணுல ரெண்டு முடியும் அண்ணி.”

அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறான். அண்ணி சலவைக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். நான் அவருக்கு உதவியாளன். சம்பளம் உண்டா என்று அம்மா வாராவாரம் கேட்கிறாள். சாப்பாடு உண்டு என்று நானும் வாராவாரம் சொல்கிறேன்.

வந்தவள் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவி. உடைந்த நத்தை ஓடு எப்படித் தானாகவே ஒட்டிக்கொள்கிறது என்பது அவள் ஆராய்ச்சி. அந்த வளாகத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம், ஆராய்கிற ஜந்துவின் பெயர்தானாம். ஆகவே இவள் நத்தை. தவளை, பல்லி, வௌவால் எல்லாரும் அங்கே டீ குடிக்கிறார்கள். நான் மேல்படிப்புக்குப் போய் மூன்றாவது மாதமே திரும்பி வந்தவன். அன்று எடுத்த முடிவு எவ்வளவு சரி என்று எனக்கு மறுபடி ஒரு தடவை புரிந்தது.

“இந்த மாசத்தோட என் உதவித்தொகை முடியுது” என்றாள் நத்தை. “கடைசி வருஷம் முடிக்கிறவங்களுக்குன்னு ஒரே ஒரு உதவித்தொகை இருக்கு, மேடம். ஒரே ஒரு ஆளுக்கு. இன்னிக்கு நாலு மணிக்குக் குழு கூடுது. அது கிடைக்கலேன்னா மாசக் கடைசில ரூமக் காலி பண்ணணும். முந்நூத்திப் பன்னெண்டு நத்தை இருக்கு எங்கிட்ட. பாதிக்கு இன்னும் ஓடு வளந்து முடியல. எல்லாம் போச்சுன்னா, நான் மாமாவோட டைல்ஸ் கடையில போய் உக்காரணும்.”

“போட்டிக்கு எத்தனை பேர்?”

“கடைசில ரெண்டு பேர்தான். நானும், பக்கத்து ரூம் கொசுவும்.”

“கொசு வளக்கறவரா?”

“ஆமா. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பேராசிரியர்தான் வழிகாட்டி. அவர் குடுக்கற சிபாரிசுக் கடிதத்த வெச்சுத்தான் குழு முடிவு பண்ணும். இன்னிக்குக் காலைல உதவித்தொகை ஆபீஸ் கிளார்க் என்னைப் பாத்தார். கண்ணாடியக் கழட்டித் துடைச்சார். ‘வேற லெட்டர் எதாவது வாங்க முடியுமாம்மா’ன்னு கேட்டார். எட்டு வருஷத்துல அவர் எங்கிட்ட இவ்வளவு அன்பா பேசினதே இல்ல, மேடம். அப்பவே தெரிஞ்சிடுச்சு. யாரோ என் லெட்டர்ல விளையாடிட்டாங்க.”

“யார் மேல சந்தேகம்?”

“கொசு மேலதான். அவன்தான் எழுதி...” நத்தை சட்டென்று நிறுத்தினாள். “அவன்தான் எதாவது செஞ்சிருப்பான்.”

அண்ணி நோட்டில் ஏதோ குறித்தார். எட்டிப் பார்த்தேன். ‘எழுதி’ என்ற ஒரு சொல், அதற்குக் கீழே ஒரு கோடு. மணி ஒன்றரை.

*

உதவித்தொகை ஆபீஸ் வாசலில் இப்படி ஓர் அறிவிப்பு: ‘படிவம் நான்கு இல்லாமல் படிவம் மூன்று ஏற்கப்படாது.’ அதற்குக் கீழேயே, ‘படிவம் மூன்றைக் கொடுத்தவர்களுக்கு மட்டுமே படிவம் நான்கு வழங்கப்படும்.’ அதற்கும் கீழே யாரோ பென்சிலால், ‘நான் 2 வருடமாக இங்கேதான் நிற்கிறேன்’ என்று எழுதியிருந்தார்கள்.

நத்தையை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் உள்ளே போனோம். கவுண்டருக்குப் பின்னால் கிளார்க், ஃபைல்களுக்கு நடுவில் தலை மட்டும் தெரிந்தது.

“அந்தக் கடிதத்தக் காட்ட முடியாதும்மா. ரகசியம். விண்ணப்பதாரர் பாக்கக் கூடாது. விதி.”

“நாங்க ரெண்டு பேரும் எதுக்காவது விண்ணப்பிச்சிருக்கோமா சார்?”

கிளார்க் யோசித்தார். பதிவேட்டைப் புரட்டினார். “இல்ல.”

“அப்ப நாங்க விண்ணப்பதாரர் இல்லையே.”

விதியை விதியால் அடித்தால் கிளார்க்குகளுக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. அவர் முகம் மலர்ந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஒரு கவரிலிருந்து தாளை எடுத்துத் தாமே தாழ்ந்த குரலில் வாசித்தார்.

“‘இவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். தினமும் வருகிறார். மாலையில் திரும்பிப் போய்விடுகிறார். கண்ணாடிக் குப்பிகளை உடைத்ததாகப் புகார் இல்லை. அறைக் கதவை உடனுக்குடன் படாரென்று சாத்தும் பழக்கம் உள்ளவர். இதனால் அக்கம்பக்கத்தினர் நாள் முழுவதும் விழிப்புடன் இருக்கிறார்கள். இவருக்கு உதவித்தொகை வழங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வழங்காவிட்டாலும் ஆட்சேபணை இல்லை.’”

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அண்ணி என் காலை மிதித்தார்.

“கையெழுத்து?”

“பேராசிரியரோடதேதான். இருபது வருஷமாப் பாக்கறேன். சந்தேகமே இல்ல.”

“கடிதத்த மாத்திக் குடுத்தா வாங்கிப்பீங்களா?”

“நாலு மணிக்கு ஃபைல் கட்டு உள்ள போற வரைக்கும் வாங்கிப்பேன். நாலு மணி ஒரு நிமிஷத்துக்கு அந்தப் பேராசிரியரே வந்து அழுதாலும் முடியாது.”

வெளியே வந்ததும், “அண்ணி, கையெழுத்து நிஜம். அப்ப குற்றவாளி பேராசிரியர்தான். கேஸ் முடிஞ்சுது. கேன்டீன் எந்தப் பக்கம்?” என்றேன்.

“கதவு எந்தப் பக்கம்னு கேளு” என்றார் அண்ணி.

*

ஆராய்ச்சிக் கட்டடம் மூன்று மாடி. முதல் மாடியிலேயே என் கழுத்தில் ஒரு கொசு கடித்தது. இரண்டாவது மாடியில் இரண்டு கைகளிலும் கடித்தது. வராந்தாவில் எதிரே வந்த மாணவர்கள் எல்லாரும் நடந்துகொண்டே தங்களைத் தாங்களே அறைந்துகொண்டிருந்தார்கள். ஆராய்ச்சி வாழ்க்கையின் வேதனை என்று முதலில் நினைத்தேன்.

மூன்றாவது மாடியில், கடைசிக்கு முந்தின அறை நத்தையுடையது. உள்ளே அலமாரி அலமாரியாகக் கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் எண் ஒட்டியிருந்தது. கதவு அகலத் திறந்திருக்க, அதற்கு முட்டுக்கொடுத்து ஒரு செங்கல்.

“இந்தக் கதவ சாத்தறதே இல்லையாம்மா?” என்றார் அண்ணி.

“எட்டு வருஷமா செங்கல்தான், மேடம். காத்து வேணும்.”

“நத்தை தப்பிச்சு ஓடிட்டா?” என்று கேட்டேன்.

“சாப்பிட்டு வந்து பிடிச்சுக்கலாம்.”

அண்ணி செங்கல்லை ஷூ முனையால் தொட்டுப் பார்த்தார். அதன்மேல் எட்டு வருடத் தூசி. அதைச் சுற்றி ஒரு சிலந்தி குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டிருந்தது. அண்ணி என் பக்கம் திரும்பி ஒரு புருவத்தை உயர்த்தினார். எனக்கும் புரிந்தது. கதவே இல்லாத மாதிரி வாழ்கிற பெண்ணை ‘படாரென்று கதவைச் சாத்துபவர்’ என்று எந்தக் கிறுக்கன் எழுதுவான்?

நத்தையை அங்கேயே விட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனோம். வராந்தாவில் அதுதான் கடைசி. அதற்கப்புறம் வெறும் சுவர். கதவில் சிவப்பு எழுத்தில், ‘உள்ளே வந்தவுடன் சாத்தவும். யோசிக்க வேண்டாம்.’

கதவைத் திறந்தவன் ஒல்லியாக, முழங்கை வரை சிவந்த தடிப்புகளோடு நின்றான். எங்களை உள்ளே விட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு, தூங்குகிற குழந்தையின் அறையைச் சாத்துகிற மாதிரி அங்குலம் அங்குலமாகச் சாத்தினான். அதற்குள் ஏழெட்டுக் கொசுக்கள் எங்கள் தலைக்கு மேலாக வெளியே போயின. அவன் அவற்றை ஏக்கத்தோடு பார்த்தான்.

“கவலப்படாதீங்க. நோய் இல்லாத கொசு” என்றான்.

“உங்க கொசுவுக்கு நோய் இல்ல சரி. எனக்கு ரத்தம் இல்லியே” என்றேன்.

அண்ணி நேராகக் கேட்டார். “இந்தக் கதவ வேகமா சாத்தக் கூடாதா? பாதி கொசு போகுதே?”

“முன்னாடியெல்லாம் படார்னுதான் சாத்துவேன், மேடம். அப்படித்தான் சாத்தணும். போன மாசம்தான் தெரிஞ்சுது, பக்கத்துல தொந்தரவா இருக்குன்னு. அதுலேர்ந்து மெதுவா சாத்தறேன். இருநூறு கொசு போச்சு.”

“யார் சொன்னாங்க?”

“யாரும் சொல்லல. படிச்சேன்.”

“எங்க படிச்சீங்க?”

அவன் சுவரில் இருந்த ஒரு கொசுவைக் கண்ணாடிக் குழாயால் மூடுவதில் திடீரென்று ரொம்ப மும்முரமாகிவிட்டான். காது மட்டும் சிவந்தது. அது கொசுக்கடியாகவும் இருக்கலாம்.

“பக்கத்து ரூம் பொண்ணு எப்படி?” என்றார் அண்ணி.

“ரொம்ப நல்ல ஆராய்ச்சி” என்றான் உடனே. போட்டியாளனைப் பற்றி ஒருவன் இவ்வளவு அவசரமாக நல்லது சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அவன்மேல் சந்தேகம் இரண்டு மடங்கானது.

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தார். “மணி மூணு. வாங்க, எல்லாரும் உங்க பேராசிரியரப் பாக்கப் போலாம். தம்பி, நத்தையையும் கூட்டிட்டு வா. சீக்கிரமா நடக்கச் சொல்லு.”

*

பேராசிரியர் ஒரு கையால் டீ குடித்துக்கொண்டு மறு கையால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மேஜையில் முழங்கை உயரத்துக்குத் தாள்கள். நாங்கள் உள்ளே வந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. அண்ணி என் சட்டைப் பையிலிருந்து சலவைக் கடைச் சீட்டை உருவி, மெல்ல அவர் பேனாவுக்குக் கீழே நகர்த்தினார். பேராசிரியர் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, அடுத்த தாளுக்குப் போனார்.

“அண்ணி, இனிமே என் மூணு பேன்ட்டும் பல்கலைக்கழக அங்கீகாரம் பெற்றது” என்றேன்.

பேராசிரியர் அப்போதுதான் நிமிர்ந்தார். “யாரும்மா நீங்க? என்ன சான்றிதழ் வேணும்?”

“ஒரே ஒரு கேள்வி சார். உங்க சிபாரிசுக் கடிதங்கள யார் எழுதறா?”

பேராசிரியர் டீயைக் கீழே வைத்தார். நத்தை தரையைப் பார்த்தாள். கொசு ஜன்னலைப் பார்த்தான்.

“எங்கிட்ட இருபத்திரண்டு மாணவர்கள். ஆளுக்கு வருஷத்துக்கு எட்டு கடிதம்” என்றார் பேராசிரியர். “நான் கடிதம் எழுதுவேனா, ஆராய்ச்சி பண்ணுவேனா?”

ரெண்டில் எதைப் பண்ணுகிறீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன். அண்ணியின் கால் தயாராக இருந்ததால் மூடிக்கொண்டேன்.

“அதனால அவங்களயே எழுதிட்டு வரச் சொல்வேன். எல்லாப் பேராசிரியரும் செய்யறதுதான். ஆனா தன்னப் பத்தித் தானே எழுதினா கூச்சமே இல்லாம எழுதறாங்கம்மா. ஒருத்தன் தன்ன மேதைன்னு நாலு இடத்துல எழுதிட்டு வந்தான். அதனால ஒரு வழி கண்டுபிடிச்சேன். பக்கத்து ரூம் ஆளப் பத்தி எழுதச் சொல்லிடுவேன். அளவோட எழுதுவாங்க.”

“பாத்தீங்களா மேடம்!” என்று நத்தை துள்ளினாள். “என்னப் பத்தி எழுதினது கொசுதான்! நான் சொல்லல?”

“நீங்க சொல்லலையேம்மா” என்றார் அண்ணி மென்மையாக. “சொல்ல வந்து பாதில முழுங்கிட்டீங்க. சரி, அந்தக் கடிதத்தப் படிக்கக் கேட்டேன். உங்களுக்கும் சொல்லிடறேன், நடந்தது நடந்துபோச்சு. முடிவு இப்படி வருது. ‘இவருக்கு உதவித்தொகை வழங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.’ அதுக்கப்புறம் ஒரு வரி இருந்துதே, தம்பி? மறந்து மறந்து போகுது...”

“வழங்காவிட்டாலும் ஆட்சேபணை இல்லை” என்றாள் நத்தை.

எங்கோ ஒரு கொசு மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

“நீங்க பாக்கவே கூடாத கடிதத்தோட கடைசி வரி உங்களுக்கு மனப்பாடமா இருக்கே” என்றார் அண்ணி. “எப்படிம்மா?”

நத்தையின் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. கடைசியில், முந்நூற்றுப் பன்னிரண்டு நத்தைகள் ஓட்டுக்குள் போகிற மாதிரி அவள் ஒருத்தியே தோளுக்குள் தலையை இழுத்துக்கொண்டாள்.

அண்ணி என்னிடம் சொல்கிற மாதிரி எல்லாருக்கும் சொன்னார். “கதவ உடனே படார்னு சாத்தறவர்னு கடிதத்துல இருக்கு. நத்தை வளக்கறவங்களுக்குக் கதவ சாத்தவே வேண்டாம். கொசு வளக்கறவங்க சாத்தியே ஆகணும். ஆக அந்தக் கடிதம் கொசுவப் பத்தி எழுதினது. சத்தத்துல நாள் முழுக்க விழிப்பா இருந்தது யாரு? அந்த ரூமுக்கு ஒரு பக்கம் சுவர். இன்னொரு பக்கம் நத்தை மட்டும்தான்.”

“ஆமா, நான்தான் எழுதினேன்” என்றாள் நத்தை. “அவனுக்குக் கிடைக்கக் கூடாதுன்னுதான் எழுதினேன். ஆனா அது அவனோட கடிதம்! என் ஃபைலுக்குள்ள எப்படி வந்துது?”

எல்லாரும் பேராசிரியரைப் பார்த்தோம். அவர் மறுபடி டீயை எடுத்தார்.

“ஒரு கடிதம் ஏற்கெனவே நல்லா தயாரா இருக்கும்போது, இன்னொண்ண எதுக்குப் படிக்கணும்? பேர மட்டும் மாத்தி ரெண்டு ஃபைலுக்கும் அனுப்பிட்டேன். எப்பவும் அப்படித்தான். பதினோரு வருஷம் ஒரே கடிதத்த ஓட்டியிருக்கேன்.”

போட்டியாளனுக்கென்று இவள் பறித்த குழியில், பேராசிரியர் இருவரையும் சமமாகத் தள்ளிவிட்டிருந்தார். நான் துப்பறியும் தொழிலுக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. குற்றவாளியே கட்சிக்காரராக வந்து, நாற்காலியிலிருந்தும் விழப்பார்த்தது இதுதான் முதல் தடவை.

நத்தை கொசுவின் பக்கம் திரும்பினாள். “நீ படிச்சியா?”

“எழுத்துப் பிழை பாக்கச் சொல்லி சார் எங்கிட்டதான் குடுத்தார்” என்றான் கொசு. “ரெண்டு பிழை இருந்துது. திருத்திட்டேன்.”

“திருத்தினியா? அதத் திருத்தி அனுப்பினியா?”

“கதவுச் சத்தம் நிஜம்தானே. எனக்குத் தெரியாமப் போச்சு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் நீ.”

“அன்னிலேர்ந்து கதவ மெதுவாத்தான் சாத்தறார். பாதிக் கொசு பறந்துபோச்சு” என்றார் அண்ணி.

“அப்ப என்னப் பத்தி நீ எழுதினது?”

கொசு மேஜையைக் காட்டினான். பேராசிரியரின் டீக் கோப்பைக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. ஒரு மாதமாக அதுதான் கோப்பைத்தட்டு போலிருக்கிறது, வட்ட வட்டமாகக் கறை. அண்ணி கோப்பையைத் தூக்கித் தாளை எடுத்து நத்தையிடம் கொடுத்தார். அவள் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டாள். மீதியை நான் தோளுக்கு மேலாகப் படித்தேன்.

‘இவரிடம் உள்ள ஒவ்வொரு நத்தைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. நாற்பத்தேழாம் எண் நத்தையின் ஓடு ஒட்டிக்கொள்ளப் பதினோரு மாதம் எடுத்துக்கொண்டது. பதினோரு மாதமும் விடுமுறை இல்லாமல் தினமும் அளந்தவர் இவர். நத்தைகள் வேலையை முடிக்கும் முன் இவருடைய உதவித்தொகை முடிந்துவிடக் கூடாது.’

நத்தை அழுதாள். மறைக்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நன்றாகவே அழுதாள். என்னிடம் இருந்த ஒரே காகிதமான சலவைச் சீட்டைக் கொடுத்தேன். அதில் துடைத்துக்கொண்டாள். மூன்று பேன்ட் போயிற்று.

“மணி மூணு இருபத்தஞ்சு” என்றார் அண்ணி. “அந்தத் தாள்ல இப்பவே கையெழுத்து வாங்கினா, உங்க ஃபைல்ல வெச்சிடலாம். ஓடினா அஞ்சு நிமிஷம்.”

பேராசிரியர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார். கேட்கவே இல்லை.

நத்தை அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைக் கொண்டுபோய் வைத்தால் இவளுடைய ஃபைலில் இந்தக் கடிதம், அவனுடைய ஃபைலில் அந்தக் கடிதம். உதவித்தொகை கையில் வந்த மாதிரிதான். முந்நூற்றுப் பன்னிரண்டு நத்தையும் பிழைத்துவிடும். நான் அவளாக இருந்தால் இந்நேரம் மாடிப்படியில் பாதி இறங்கியிருப்பேன். இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்.

“ஒரு வெள்ளைத் தாள் குடுங்க சார்” என்றாள் அவள்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். கொசு, “வேண்டாம், நேரமாகுது, நீ போ” என்றான். அவள் நிமிரவில்லை. நான் கிட்டத்தட்ட அரை மணி நேரம் அந்த அறையில் கொசு அடித்துக்கொண்டிருந்தேன், ஒவ்வொன்றுக்கும் உரிமையாளரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. மூன்று முப்பத்தெட்டு. நாற்பத்தைந்து. அவள் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் அண்ணி தாளை வாங்கிப் பேராசிரியர் முன் வைக்க, அவர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்திட்டார். படித்தது நான்தான், படிக்கட்டில் ஓடிக்கொண்டே.

‘பக்கத்து அறைக்காரருக்குத் தொந்தரவு என்று தெரிந்த அன்றே, தம் ஆராய்ச்சியில் பாதியைப் பறக்க விட்டவர் இவர். யாரிடமும் அதைச் சொல்லவில்லை. மீதி இருந்த கொசுக்களுக்குத் தம் கையைக் கொடுத்து, அதே முடிவுகளை இரண்டு மடங்கு உழைத்துக் கண்டவர். இவருக்கு உதவித்தொகை வழங்காவிட்டால் எனக்குக் கடுமையான ஆட்சேபணை உண்டு.’

மூன்று ஐம்பத்தொன்பதுக்குக் கவுண்டரில் இரண்டு தாள்களும் விழுந்தன. ஒன்றில் டீக் கறை, இன்னொன்றில் கண்ணீர்க் கறை. கிளார்க் இரண்டையும் பார்த்துவிட்டு, “சுத்தமான தாள்ங்கற பழக்கமே உங்க துறைல கிடையாதா?” என்று கேட்டபடி ஃபைல் கட்டுக்குள் செருகினார்.

*

ஐந்தே காலுக்குக் கதவு திறந்தது. பெஞ்சில் நத்தை ஒரு கோடி, கொசு ஒரு கோடி, நடுவில் நான். கிளார்க் கண்ணாடியைக் கழற்றவில்லை. நல்ல சகுனம் யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

“கொசுவுக்கு” என்றார்.

கொசு எழுந்தான், உட்கார்ந்தான். “தப்பு நடந்திருக்கு. என் கடிதத்தவிட அவளோடது...”

“தப்பெல்லாம் இல்ல. ரெண்டும் நல்லா இருந்துதாம். ஆனா உன் கடிதத்தத் தலைவர் சத்தமா படிச்சாராம். படிச்சு முடிச்சதும் ரெண்டு பேர் கண்ணத் துடைச்சாங்களாம். அதுக்கப்புறம் விவாதமே இல்ல.”

நான் நத்தையைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. ஊரில் எத்தனையோ பொய்க் கையெழுத்துக்காரர்கள் சுகமாக இருக்கிறார்கள். இவள் ஒரு தடவை நேர்மையாக எழுதினாள், அதுவே இவளைத் தோற்கடித்துவிட்டது. எனக்கு அந்தக் குழுவின்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

“அவசரப்படாதீங்க” என்றார் கிளார்க் என் முகத்தைப் பார்த்து. “இந்த உதவித்தொகை வாங்கறவர் ஜூனியர்களுக்குப் பாடம் நடத்தக் கூடாது. விதி. அதனால இவர் பாத்துக்கிட்டிருந்த பயிற்றுநர் வேலை இந்த நிமிஷம் காலி. பட்டியல்ல அடுத்த ஆள் இந்தப் பொண்ணுதான். தொகை கொஞ்சம் கம்மி. ஆனா ஒரு வருஷம் முழுசா வரும். படிவம் நாலு எடுத்துட்டு வாம்மா.”

“படிவம் மூணு குடுத்தாதானே படிவம் நாலு கிடைக்கும்?” என்றேன்.

“அந்த விதிய நான் இப்ப பாக்கல. எடுத்துட்டு வரச் சொல்லு” என்று அவர் உள்ளே போய்விட்டார்.

நத்தை அழுதுகொண்டே சிரித்தாள். கொசு தன் கையைச் சொறிந்துகொண்டிருந்தான். அண்ணிதான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

“வருத்தமாம்மா?”

“இல்ல, மேடம்” என்றாள் நத்தை, முகத்தைத் துடைத்துக்கொண்டு. “எட்டு வருஷமா எத்தனையோ கட்டுரை எழுதி எங்கெங்கயோ அனுப்பியிருக்கேன். திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பாம, மொத தடவயே ஏத்துக்கிட்டது இந்தக் கடிதத்த மட்டும்தான்.”